டேங்க்கில் பெட்ரோல் இருந்தும் என்ஜின் நிற்குமா?

கேள்வி: என் மகன் விமானம் ஓட்டும் பயிற்சியில் சேர்ந்திருக்கிறான். சிறிய விமானங்களில் டேங்க்கில் பெட்ரோல் இருக்கும்போதே என்ஜின் நின்றுவிடும் என்கிறார்களே, உண்மையா ஐயா?
- ஒரு தாய், காங்கயம்

பதில்: உண்மைதான் அம்மா. இருபது வருடம் பயிற்சி விமானங்களைப் பராமரித்தவன் நான். பிஸ்டன் உடைந்து நிற்பதும் உண்டு. ஆனால் நல்ல என்ஜினுக்குப் பெட்ரோல் போய்ச் சேராமல் நிற்பதுதான் எனக்குப் பெரிய கவலை. நம் தோட்டத்துக் கிணறு நிறையத் தண்ணீர் இருந்தாலும், ஃபுட்வால்வு ஒழுகினால் மோட்டார் ஒரு சொட்டு ஏற்றாதல்லவா?

முதல் எதிரி தண்ணீர். பாதி டேங்க்கோடு இரவில் நிற்கும் விமானத்தில் காற்றின் ஈரம் குளிர்ந்து உள்ளே நீராகும். பெட்ரோலைவிடக் கனம் என்பதால் அடியில் தங்கும். காலையில் இறக்கைக்கு அடியிலுள்ள வடிகாலில் கண்ணாடிபோன்ற கோப்பையில் பிடித்துப் பார்ப்போம். விமானப் பெட்ரோல் இளநீல நிறம். ஒரு மார்கழிக் காலையில் அந்த நீலத்துக்கு அடியில் நிறமற்ற முத்து ஒன்று உருண்டது. மறுபடி பிடித்தேன், மறுபடி முத்து. நான்காவது கோப்பைதான் முழு நீலம். கோப்பை முழுவதும் தண்ணீராகவே வந்தால் நீரையும் பெட்ரோலையும் பிரிக்கும் கோடு தெரியாது; ஆகவே நிறத்தையும் பார்க்க வேண்டும்.

அடுத்தது பனிக்கட்டி. கோவையிலா என்று கேட்காதீர்கள். பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டரில் பெட்ரோல் ஆவியாகும்போது, உள்ளே வெப்பநிலை 20 டிகிரிக்கும் அதிகமாகக் குறையலாம். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஈரத்தோடு வீசும் 25 டிகிரி நாளில்கூட உள்ளே பனி கட்டி, காற்றுப்பாதையை அடைக்கலாம். வேகம் குறைத்து இறங்கும்போது ஆபத்து அதிகம். இதற்காகவே சூடான காற்றை உள்ளே விடும் கைப்பிடி உண்டு. அதை இழுத்ததும், உருகிய நீரை விழுங்கி என்ஜின் சற்றுநேரம் இருமும். புதியவர்கள் பயந்து கைப்பிடியை மறுபடி உள்ளே தள்ளிவிடுவார்கள். அதுதான் தவறு.

சில விமானங்களில் இடது, வலது டேங்க்கை விமானிதான் மாற்ற வேண்டும். மறந்தால் ஒன்று காலியாகி, மற்றொன்று நிறைந்திருக்கும்போதே என்ஜின் நிற்கும். தீப்பொறி தரும் மேக்னெட்டோ இரண்டு இருப்பதால் அந்தப் பக்கம் பயம் குறைவு.

என்ஜின் நின்றால் விமானம் கல்போல் விழாது அம்மா. 3,000 அடி உயரத்திலிருந்து செஸ்னா 172 என்ற சிறிய பயிற்சி விமானம் ஏறக்குறைய 8 கிலோமீட்டர் மிதந்து செல்லும். வயலோ வெட்டவெளியோ பார்த்து இறக்கலாம்.

மகன் போன் செய்தால் ஒன்று கேளுங்கள்: சூடான காற்றுக் கைப்பிடியை இழுத்ததும் என்ஜின் இருமினால் என்ன செய்வாய்? “அப்படியே பிடித்திருப்பேன்” என்றால், அவன் நன்றாகக் கற்கிறான்.