பார்ட்னர் மேஜரில் தொடங்கினால் என்ன சொல்வது? பிரிட்ஜ் வாசகர்களுக்குப் பதில்கள்

கேள்வி: ஐயா, நானும் என் தங்கையும் ஐந்து சீட்டு மேஜர் முறையில் (மேஜர் எனப்படும் ஸ்பேடிலோ ஹார்ட்டிலோ தொடங்க அதில் ஐந்து சீட்டாவது வேண்டும்), ‘டூ ஓவர் ஒன்’ விதிப்படி ஆடுகிறோம். அவள் ஒரு ஸ்பேட் என்று ஏலத்தைத் தொடங்கினாள். என் கையில் ஸ்பேடில் ராஜா, 7, 4. ஹார்ட்டில் ஏஸ், ராணி, 8, 6, 3. டயமண்டில் 9, 2. கிளப்பில் 7, 5, 4 இருந்தன. நல்ல ஹார்ட் இருக்கிறதே என்று இரண்டு ஹார்ட் சொன்னேன். கடைசியில் நான்கு ஸ்பேட் வரை போய் ஒரு பிடி (டிரிக்) குறைந்து தோற்றோம். நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்?

பதில்: இரண்டு ஸ்பேட் என்று சொல்லியிருக்க வேண்டும். உங்கள் தங்கை ஒரு ஸ்பேட் என்று சொன்ன உடனேயே அவர் கையில் குறைந்தது ஐந்து ஸ்பேட் இருப்பது உறுதியாகிவிட்டது. உங்களிடம் மூன்று இருப்பதால் இருவருக்குமாக எட்டுத் துருப்புகள் (டிரம்ப் சீட்டுகள்) சேர்ந்துவிட்டன. எதிரணியிடம் இருக்கும் மீதி ஐந்து ஸ்பேடும் மூன்றும் இரண்டுமாகப் பிரிந்திருக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 68 சதவீதம் என்பதால், துருப்பாக வைத்து ஆடுவதற்கு இது நல்ல பொருத்தம். பொருத்தம் கிடைத்த பிறகு வேறு சூட்டை (சீட்டு வகையை) தேடிப் போவதற்குத் தகுந்த காரணம் வேண்டும்.

ஆட்ட மதிப்பெண்ணும் இதையே சொல்கிறது. ஒரு கேமுக்கு, அதாவது பெரிய போனஸ் தரும் ஏலத்துக்கு, 100 புள்ளி வேண்டும். ஸ்பேடிலும் ஹார்ட்டிலும் முதல் ஆறுக்கு மேற்பட்ட பிடி ஒன்றுக்கு 30 என்பதால் நான்காம் படியில், அதாவது பத்துப் பிடியில், கேம் முடிந்துவிடுகிறது. பிடிக்கு 20 மட்டுமே தரும் டயமண்டிலும் கிளப்பிலும் பதினொரு பிடி எடுத்தாக வேண்டும். மேஜர் பொருத்தத்தை முதலில் தேடுவதும், கிடைத்தால் உடனே பார்ட்னருக்குத் தெரிவிப்பதும் இதனால்தான்.

இனி உங்கள் கையின் பலத்தைப் பார்ப்போம். ஏஸ் 4, ராஜா 3, ராணி 2 என்று கூட்டினால் 9 புள்ளிகள். துருப்பு ஆதரவு இருக்கும்போது குறைவான சீட்டுள்ள சூட்டுக்கும் மதிப்புச் சேர்க்கிறோம்: இரண்டு சீட்டு மட்டும் இருந்தால் 1, ஒற்றைச் சீட்டுக்கு 3, ஒன்றுமே இல்லாவிட்டால் 5. டயமண்டில் இரண்டே சீட்டு இருப்பதால் உங்கள் கை 10 ஆகிறது. ஆறு முதல் பத்து வரையுள்ள ஆதரவுக் கை இரண்டு ஸ்பேட் சொல்ல வேண்டிய கை. உங்களுடையது அந்த வரம்பின் மேல் எல்லையில் நிற்கிறது. தங்கையிடம் 16, 17 புள்ளிகள் இருந்திருந்தால் அவரே மேலும் ஒரு படி ஏறிக் கேட்டிருப்பார், நீங்கள் தயங்காமல் நான்கு ஸ்பேட் சொல்லியிருக்கலாம்.

நீங்கள் சொன்ன இரண்டு ஹார்ட்டுக்கு உங்கள் ‘டூ ஓவர் ஒன்’ முறையில் ‘கேம் வரை நிறுத்தப் போவதில்லை’ என்று பொருள். பன்னிரண்டு, பதின்மூன்று புள்ளிகள் உள்ளவர் தரும் வாக்கு அது. தங்கை உங்களை நம்பியே நான்கு ஸ்பேட் வரை போனார். அவர் மீது பிழையில்லை. இதே கையில் கிளப் 7க்குப் பதிலாகக் கிளப் ஏஸ் இருந்து 13 புள்ளிகள் ஆகியிருந்தால் முதலில் இரண்டு ஹார்ட் சொல்லி, அடுத்த சுற்றில் ஸ்பேடை ஆதரிப்பது மிக அழகான ஏலமாக இருந்திருக்கும்.

பதினொன்று, பன்னிரண்டு மதிப்புள்ள கையில் மூன்றே துருப்பு இருந்தால், உங்கள் முறையில் முதலில் ஒரு நோ டிரம்ப் (துருப்பில்லாத ஆட்டத்துக்கான ஏலம்) சொல்லிவிட்டு, அடுத்த முறை மூன்று ஸ்பேடுக்குத் தாவுங்கள். நான்கு துருப்பு இருந்தால் நேரடியாகவே மூன்று ஸ்பேட் சொல்லலாம்.

கேள்வி: பார்ட்னர் ஒரு ஹார்ட் சொன்னார். என்னிடம் ஸ்பேடில் 6 மட்டும். ஹார்ட்டில் ராணி, 10, 7, 5, 4. டயமண்டில் ராஜா, 9, 8, 3. கிளப்பில் 8, 6, 2. நேராக நான்கு ஹார்ட் சொன்னேன். ‘ஐந்து புள்ளியை வைத்துக்கொண்டு கேம் சொல்லலாமா?’ என்று கோபித்துக்கொண்டார். யார் சொல்வது சரி?

பதில்: நீங்கள் சொன்னதே சரி, உங்கள் பார்ட்னருக்கு இதை நான் உறுதியாகவே சொல்வேன். 1969இல் பிரெஞ்சுக்காரரான ழான்-ரெனே வெர்ன் எழுதி, பின்னர் அமெரிக்க ஆட்டக்காரர் லாரி கோஹன் பரவச் செய்த ‘மொத்தப் பிடி விதி’யின் நடைமுறைச் சாரம், உங்கள் இருவரிடமும் எத்தனை துருப்பு இருக்கிறதோ அத்தனை பிடிக்குரிய படி வரை அஞ்சாமல் போகலாம் என்பது. ஐந்தும் ஐந்தும் பத்து. பத்துப் பிடிக்குரிய படி நான்கு. பார்ட்னரின் கை சாதாரணமானதாக இருந்தால், எதிரணிக்குப் பெரும்பாலும் ஸ்பேடில் பொருத்தம் இருக்கும். அவர்கள் அதை நிதானமாகப் பேசிக் கண்டுபிடிக்க இடம் கொடுக்காமல் முதல் மூச்சிலேயே ஏலத்தை உயர்த்திவிட்டீர்கள். எதிரணியால் டபுள் (இழப்பைக் கூட்டும் சவால்) சொல்லப்பட்டு இரண்டு பிடி குறைந்தாலும், நீங்கள் வல்னரபிள் நிலையில் (தோற்றால் அபராதம் கூடும் நிலையில்) இல்லாதவரை இழப்பு 300தான். அவர்கள் நான்கு ஸ்பேட் ஆடி முடித்தால் குறைந்தது 420 எடுப்பார்கள்.

உங்கள் பார்ட்னர் கோபப்பட்டதற்கு ஒரு காரணம் இருக்கக்கூடும். நான்கு ஹார்ட் என்றால் பலமான கை என்று அவர் எண்ணியிருப்பார். பலமான கை உள்ளவர் அப்படித் தாவக் கூடாது, மெதுவாகப் போக வேண்டும். நான்கு துருப்பும் பதின்மூன்று புள்ளியும் உள்ளவர் இரண்டு நோ டிரம்ப் சொல்கிறார். ஆஸ்வால்ட் ஜேக்கபியின் பெயரால் வழங்கும் முறை இது. அதற்குத் தொடக்கக்காரர் மூன்றாம் படியில் ஒரு புதுச் சூட்டைச் சொன்னால் அதில் தனக்கு ஒற்றைச் சீட்டு அல்லது வெறுமை என்று தெரிவிக்கிறார். நான்கு ஹார்ட் சொன்னால் தன் கை குறைந்தபட்ச பலமுள்ளது என்கிறார். மூன்று ஹார்ட் சொன்னால் ஸ்லாம் (பன்னிரண்டு அல்லது பதின்மூன்று பிடி) பேசத் தயார் என்கிறார். பலமான கைக்கு இந்த உரையாடல் முழுவதும் தேவை. நேரே நான்கு ஹார்ட்டுக்குத் தாவினால் அதற்கு இடமே இருக்காது. அடுத்த ஆட்டத்திற்கு முன் இருவரும் அமர்ந்து, இந்த இரண்டு ஏலங்களுக்கும் உள்ள பொருளை உங்கள் கன்வென்ஷன் கார்டில் (ஏல முறைகளைக் குறித்துவைக்கும் அட்டையில்) எழுதிக்கொள்ளுங்கள்.

கேள்வி: நான் முதலில் பாஸ் சொன்ன பிறகு பார்ட்னர் மூன்றாவது இடத்தில் ஒரு ஸ்பேட் சொன்னால், 11 புள்ளியும் மூன்று ஸ்பேடும் உள்ள நான் எப்படிப் பதில் சொல்வது?

பதில்: இரண்டு கிளப் சொல்லுங்கள். கனடாவின் டக்ளஸ் ட்ரூரி வகுத்த வழி இது. அவருடைய பார்ட்னர் எரிக் மரே மூன்றாவது இடத்தில் மிக லேசான கையோடும் ஏலத்தைத் தொடங்குவார் என்பதால், மூன்றாம் படிக்கு ஏறாமலேயே ‘உண்மையில் தொடக்கக் கைதானா?’ என்று கேட்பதற்கு ஒரு வழி தேவைப்பட்டது. இன்று பலரும் ஆடும் வடிவத்தில், பார்ட்னர் இரண்டு ஸ்பேட் சொன்னால் கை லேசானது. நீங்கள் அங்கேயே பாஸ் சொல்லிவிடலாம். வேறெது சொன்னாலும் அவரிடம் முறையான தொடக்கக் கை இருக்கிறது. பாஸ் சொல்லிவிட்டவருக்குக் கிளப் சூட்டை இயல்பாகக் காட்ட வழியில்லாமல் போகும். அந்த இழப்பு மிகச் சிறியது.