டிவிஆரா, என்விஆரா, எத்தனை டிபி? வீட்டுக் கேமரா பதிவு குறித்துக் கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, டிவிஆர், என்விஆர் இரண்டில் எதை வாங்குவது? ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.

பதில்: இரண்டும் கேமராப் படத்தைப் பதிந்துவைக்கும் பெட்டிகள்தான். சுவருக்குள் என்ன ஒயர் இருக்கிறது என்று முதலில் பாருங்கள். பழைய கோஆக்சியல் கேபிள் (கேபிள் டிவிக்கு வருவது போன்ற ஒயர்) நல்ல நிலையில் இருந்தால் டிவிஆரே போதும். இன்றைய ஹெச்டி கேமராக்கள் அதிலேயே ஓடும். புதிதாக ஒயர் இழுப்பதாக இருந்தால் என்விஆர்தான். அதில் கேமராவே படத்தைச் சுருக்கி நெட்வொர்க் கேபிளில் அனுப்பிவிடும். பிஓஇ இருந்தால் மின்சாரமும் அதே கேபிளில் போகும், 100 மீட்டர் வரை இழுக்கலாம். கேமராவுக்கு ஒரு அடாப்டர் என்று தேடி அலைய வேண்டாம்.

டிவிஆர் வாங்குகிறவர்கள் அட்டைப்பெட்டியை நன்றாகப் படியுங்கள். '1080என்' என்று போட்டிருந்தால் அது 1080பி அல்ல. 1920க்கு 1080 என்று பதிவாக வேண்டிய படம் 960க்கு 1080 ஆகத்தான் பதிவாகும். அகலத்தில் பாதி போச்சு. ஆள் யார் என்று படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கும்போதுதான் இதன் வலி தெரியும்.

கேள்வி: நான்கு கேமரா, ஒரு மாதப் பதிவு வேண்டும். 1 டிபி தாராளம் என்கிறார் மாட்ட வந்தவர். சரியா?

பதில்: கணக்கு போட்டுப் பார்த்துவிடலாம். ஒரு கேமரா நொடிக்கு 4 மெகாபிட் அனுப்புகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். எட்டால் வகுத்தால் நொடிக்கு அரை மெகாபைட். ஒரு நாளுக்கு 86,400 நொடி, ஆக 43 ஜிபி. நான்கு கேமராவுக்கு 173 ஜிபி. 1 டிபி, அதாவது 1,000 ஜிபி, ஆறு நாள்கூட முழுசாகத் தாங்காது. ஏழாம் நாள் பார்த்தால் முதல் நாள் பதிவு அழிந்திருக்கும். ஒரு மாதத்துக்கு 5.2 டிபி வரும், 6 டிபி போடுங்கள்.

படத்தைச் சுருக்கும் முறைகளில் ஹெச்.265-ல் பதிந்தால் ஹெச்.264-ஐ விட ஏறக்குறைய பாதி இடம் போதும், ஆனால் கேமரா, பெட்டி இரண்டும் அதை ஆதரிக்க வேண்டும். அப்புறம், அந்தப் பெட்டி அதிகபட்சம் எத்தனை டிபி டிஸ்க்கை ஏற்கும் என்பதையும் வாங்குமுன் கேளுங்கள்.

கேள்வி: அசைவு இருக்கும்போது மட்டும் பதியச் சொன்னால் இடம் மிச்சம்தானே?

பதில்: வீட்டுக்குள் மிச்சம். வாசலில் மரக்கிளை ஆடினால், மழை பெய்தால், விளக்கைச் சுற்றிப் பூச்சி பறந்தால் எல்லாமே அசைவுதான். வாசல் கேமராவை 24 மணி நேரமும் பதியவிட்டு, அசைவை அடையாளமிட மட்டும் பயன்படுத்துவேன். தேடுவது எளிது, எதுவும் விட்டும் போகாது.

கேள்வி: பழைய கம்ப்யூட்டர் ஹார்டு டிஸ்க் சும்மா கிடக்கிறது. அதையே போடலாமா?

பதில்: ஓடும், நம்ப முடியாது. இரவும் பகலும் ஓயாமல் எழுதுவதற்கென்றே செய்த டிஸ்க்குகள் உண்டு: டபிள்யூடி பர்ப்பிள், சீகேட் ஸ்கைஹாக் போன்றவை. இதில் மிச்சம் பிடிக்க வேண்டாம்.

கேள்வி: வாடகை வீடு, ஒயர் இழுக்க முடியாது. மெமரி கார்டு போட்ட வைஃபை கேமரா போதுமா?

பதில்: ஒன்றிரண்டு கேமராவுக்குப் போதும். கேமராவைக் கழற்றிக்கொண்டு போனால் பதிவும் கூடவே போய்விடும் என்பதுதான் சிக்கல். அதனால் கைக்கு எட்டாத உயரத்தில் மாட்டுங்கள், முக்கியமான துண்டுகளாவது கிளவுடுக்குப் போகும்படி வையுங்கள். கார்டு, ஓயாமல் எழுதுவதைத் தாங்கும் 'ஹை எண்டியூரன்ஸ்' வகையாக இருக்கட்டும்.

கேள்வி: சார், வெளியூரிலிருந்து போனில் பார்க்க ரவுட்டரில் போர்ட் திறந்து கொடுத்திருக்கிறார்கள். ஆபத்தா?

பதில்: ஆபத்துதான். போர்ட் என்பது வெளியிலிருந்து உங்கள் வீட்டு நெட்வொர்க்குக்குள் வரும் வாசல், அதை மூடச் சொல்லுங்கள். 2016-ல் பரவிய மிராய் என்ற தீநிரல் ஊர்ப்பட்ட கேமராக்களையும் டிவிஆர்களையும் பிடித்தது. பெரிய வித்தை ஒன்றுமில்லை. கம்பெனி கொடுத்த பாஸ்வேர்டை யாரும் மாற்றாமல் விட்டிருந்தார்கள், அந்தப் பாஸ்வேர்டுகளின் பட்டியலை வைத்தே உள்ளே நுழைந்தது. அந்த ஆண்டு அக்டோபரில் இணையதளப் பெயர்களை முகவரியாக மாற்றித் தரும் டின் நிறுவனத்தின் மீது அதைக்கொண்டு நடந்த தாக்குதலில் ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் போன்ற தளங்களே பலருக்குத் திறக்கவில்லை. தயாரிப்பாளரின் ஆப் வழியாகப் பாருங்கள். கொஞ்சம் கற்றுக்கொள்ளத் தயார் என்றால் வீட்டு நெட்வொர்க்குக்குப் பாதுகாப்பான தனி வழி போடும் விபிஎன் இன்னும் நல்லது. சாதனங்கள் தாமாகவே போர்ட் திறந்துகொள்ள விடும் யுபிஎன்பி-யை ரவுட்டரில் அணைத்துவிடுங்கள். மாட்டியவர் போன பிறகு அட்மின் பாஸ்வேர்டை நீங்களே மாற்றுங்கள். அவர் நல்லவராகவே இருக்கட்டும், மாற்றுங்கள்.

கேள்வி: கேமரா ஒரு கம்பெனி, என்விஆர் வேறு கம்பெனி. சேருமா?

பதில்: இரண்டிலும் ஆன்விஃப் (வெவ்வேறு கம்பெனிச் சாதனங்கள் சேர்ந்து இயங்குவதற்கான பொதுத் தரம்) இருந்தால் படம் வரும், பதிவாகும். ஆளையும் நாயையும் பிரித்தறிவது போன்ற கூடுதல் வசதிகள் வராமல் போகலாம்.

கேள்வி: பெட்டியை எங்கே வைப்பது? டிவி பக்கத்தில் வைத்தால் பார்க்க வசதி.

பதில்: திருடனுக்கும் வசதி! காற்றோட்டம் உள்ள, பூட்டக்கூடிய அலமாரியில் வையுங்கள். யுபிஎஸ் போடும்போது பெட்டியை மட்டும் சேர்த்தால் பயனில்லை. பிஓஇ ஸ்விட்ச், ரவுட்டர் எல்லாம் அதில் இருக்க வேண்டும்.

கேள்வி: எல்லாம் மாட்டியாகிவிட்டது. பணம் கொடுக்குமுன் எதைச் சோதிக்க வேண்டும்?

பதில்: நேரலையைக் காட்டிவிட்டுக் கிளம்பத்தான் பார்ப்பார்கள், விடாதீர்கள். முந்தின இரவுப் பதிவை ஓட்டச் சொல்லுங்கள். அதில் பத்து நிமிடத்தைப் பென்டிரைவில் எடுத்து உங்கள் கம்ப்யூட்டரில் திறந்து பாருங்கள். சில பெட்டிகள் தங்களுடைய பிளேயரில் மட்டும் திறக்கும் கோப்பைக் கொடுக்கும், அப்படியானால் அந்தப் பிளேயரையும் கையோடு வாங்கி வையுங்கள். படத்தின் மூலையில் ஓடும் நேரத்தை உங்கள் போனோடு ஒப்பிடுங்கள். தப்பாக இருந்தால் இணையத்திலிருந்து சரியான நேரத்தை எடுக்கும் என்டிபி அமைப்பை இயக்கி நேர மண்டலத்தைச் சரிசெய்யச் சொல்லுங்கள். கடைசியாக மின்சாரத்தை நிறுத்திவிட்டு மறுபடி போடுங்கள். யாரும் கை வைக்காமலே பதிவு தொடங்கினால் பணத்தைக் கொடுக்கலாம்.