தட்டம்மை ஊசி போட்டால் ஆட்டிசம் வருமா?
கோபிசெட்டிபாளையம் பக்கம் ஒரு தாய் கேட்டிருக்கிறார்: ஒன்பது மாதக் குழந்தைக்கு ஊசி போடக் கூடாதென்று மாமியார் வாட்ஸ்அப் செய்தியைக் காட்டித் தடுக்கிறாராம்.

வராதுங்க. அந்தப் பயத்தின் வேர், 1998-ல் வேக்ஃபீல்ட் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் வெறும் 12 குழந்தைகளை வைத்து எழுதிய கட்டுரை. 2010-ல் அதை வெளியிட்ட லான்செட் மருத்துவ இதழ் அதைத் திரும்பப் பெற்றது. அவருடைய மருத்துவர் பதிவும் அதே ஆண்டு பறிபோனது. 2017-ல் இங்கே தட்டம்மை ரூபெல்லா தடுப்பூசி முகாம் நடந்தபோதும் இதே மாதிரி வதந்திதான்.

தட்டம்மை வந்த குழந்தை அறையை விட்டுப் போன பிறகும் கிருமி இரண்டு மணி நேரம் வரை காற்றில் இருக்கும். ஊசிக்கு வயதாகாத பக்கத்து வீட்டுக் கைக்குழந்தையையும் அது பிடிக்கும். வாசலில் வேப்பிலை கட்டுங்கள், சரி; தட்டம்மையால் வரக்கூடிய நிமோனியாவை அது தடுக்காது.

ஊசிக்கு ஒரு வாரம் கழித்து லேசாகக் காய்ச்சல் வரலாம், பயப்படாதீர்கள். புதன்கிழமை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு மாமியாரையும் கூட்டிப் போங்கள். அவர் சந்தேகத்தை நர்ஸிடமே கேட்கட்டும்.