மெனு அட்டையில் கலோரி: வாசகர் கேள்வி பதில்

பல கிளைகள் கொண்ட உணவகங்கள், மெனுவில் ஒவ்வொரு பண்டத்துக்கும் எதிரே அதன் கலோரி அளவையும் குறிப்பிட வேண்டும் என்ற விதியைப் பற்றி வாசகர்கள் பலர் எழுதிக் கேட்டிருக்கிறார்கள். ஒரே பொருளைக் கேட்ட கடிதங்களை ஒன்றாகச் சேர்த்து இங்கே பதில் தருகிறேன்.

கேள்வி: மாலில் இருக்கும் பர்கர் கடைப் பலகையில் விலைக்குக் கீழே கலோரியும் போட்டிருக்கிறார்கள். வாரம் தவறாமல் நாங்கள் டிபன் சாப்பிடும் தெருமுனை ஓட்டலில் அப்படி எதுவும் இல்லை. இந்தச் சட்டம் வெளிநாட்டுக் கடைகளுக்கு மட்டும்தானா? (வேளச்சேரி வாசகர்)

பதில்: இல்லை. உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2020ஆம் ஆண்டு வெளியிட்ட லேபிள் மற்றும் காட்சிப்படுத்தல் ஒழுங்குமுறைகளில் இந்த விதி வருகிறது. கடை எந்த நாட்டுப் பெயரைத் தாங்கியிருக்கிறது என்பதை அது பார்ப்பதில்லை. மத்திய உரிமம் (ஆணையமே நேரடியாக வழங்கும் உரிமம்) பெற்ற உணவகங்களையும், பத்து அல்லது அதற்கு மேற்பட்ட இடங்களில் கிளை நடத்தும் உணவகங்களையும் அது கட்டுப்படுத்துகிறது. மெனு அட்டையோ, பலகையோ, கையேடோ, எதுவானாலும் ஒரு பரிமாறலில் எத்தனை கிலோகலோரி, அந்தப் பரிமாறலின் அளவு என்ன என்ற இரண்டையும் பண்டத்தின் எதிரே எழுத வேண்டும். சுறுசுறுப்பான, சராசரி வயது வந்தவருக்கு நாளொன்றுக்கு 2,000 கிலோகலோரி தேவை, ஆனால் தேவை ஆளுக்கு ஆள் மாறலாம் என்ற வாசகமும் கண்ணில் படும்படி இருக்க வேண்டும். முதலில் 2022 ஜனவரி 1 என்று குறிக்கப்பட்ட நாள், பிறகு அதே ஆண்டு ஜூலை 1 ஆகத் தள்ளிவைக்கப்பட்டது. விழாக்களுக்குச் சமைத்துத் தருபவர்களுக்கும், ஆண்டில் 60 நாட்களுக்கும் குறைவாக நடக்கும் கடைகளுக்கும், வாடிக்கையாளர் கேட்டு மாற்றிச் செய்துதரும் பண்டங்களுக்கும் விலக்கு உண்டு.

ஆகவே, சென்னையில் தொடங்கிப் பத்துக்கும் மேற்பட்ட கிளைகளாக வளர்ந்திருக்கும் சைவ டிபன் உணவகமும், பிரியாணிக் கடையும் பர்கர் கடையைப் போலவே இந்த விதிக்கு உட்பட்டவைதான். உங்கள் தெருமுனை ஓட்டலுக்கு ஒரே கிளை, மத்திய உரிமமும் இல்லை என்றால் அதற்குக் கட்டாயம் இல்லை. நாளுக்கு நாள் கைப்பக்குவம் மாறும் மெஸ்ஸையும் தள்ளுவண்டிக் கடையையும் இந்தக் கணக்குக்குள் இழுக்காமல் விட்டது சரி என்றே நான் நினைக்கிறேன். அமெரிக்காவில் 20 கிளைகள் என்று எல்லை வகுத்தார்கள். இங்கிலாந்தில் 2022 ஏப்ரலில் விதி வந்தபோது, 250 அல்லது அதற்கு மேற்பட்ட பணியாளர்களைக் கொண்ட நிறுவனங்களுக்கு என்று வகுத்தார்கள்.

கேள்வி: ஒரே உணவகத்தின் இரண்டு கிளைகளில் நெய்ப் பொங்கல் சாப்பிட்டேன். ஒரு கிளையில் தட்டு நிறைய வந்தது, இன்னொன்றில் கிண்ணம் அளவுதான். மெனுவில் இரண்டுக்கும் கலோரி ஒன்றே. இந்த எண்ணை நம்பலாமா? (மயிலாப்பூர் வாசகி)

பதில்: வந்த கேள்விகளிலேயே முக்கியமானது இதுதான். பொங்கலையே எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். பச்சரிசி 100 கிராம் என்றால் சுமார் 350 கிலோகலோரி. பாசிப்பருப்பு 30 கிராம் சுமார் 100. முந்திரி 10 கிராம் சுமார் 60. நெய் ஏறக்குறைய முழுவதும் கொழுப்பு என்பதாலும், ஒரு கிராம் கொழுப்பு 9 கிலோகலோரி தரும் என்பதாலும், 40 கிராம் நெய்க்கு 360 ஆகிறது. ஆகக் கூட்டினால் 870. வெந்து இறக்கியதும் இந்தப் பொங்கல் சுமார் 600 கிராம் நிற்கும் என்று வைத்துக்கொண்டால், 200 கிராம் வைக்கும் கிளையில் உங்கள் தட்டுக்கு 290 கிலோகலோரி வருகிறது. 300 கிராம் அள்ளிவைக்கும் கிளையில் அதுவே 435 ஆகிவிடுகிறது. அடுப்பும் சமையல்காரரும் நெய்யும் ஒன்றாகவே இருந்தாலும், பரிமாறுபவரின் கரண்டி மாறியதால் மட்டும் 145 கிலோகலோரி ஏறியிருக்கிறது.

அதனால்தான், விதி கேட்கும் இரண்டு தகவல்களில் பரிமாறலின் அளவையே நான் பெரிதாக மதிக்கிறேன். அளவைச் சொல்லாத கலோரி எண்ணால் உங்களுக்குப் பயனில்லை. மெனுவில் வெறும் எண் மட்டும் இருந்தால், "இது எத்தனை கிராமுக்கு?" என்று தயங்காமல் கேளுங்கள். சொல்லத் தெரியவில்லை என்றால், அந்த எண்ணை வைத்து எந்த முடிவும் எடுக்காதீர்கள்.

தட்டோடு சேர்ந்து வருவதையும் கவனிக்க வேண்டும். இரண்டு இட்லி, அளவைப் பொறுத்து, 110 முதல் 130 கிலோகலோரி வரை இருக்கும். மிளகாய்ப் பொடிக்கு இரண்டு தேக்கரண்டி நல்லெண்ணெய் ஊற்றிக்கொண்டால் அந்த எண்ணெய் மட்டுமே 90. இட்லிக்கு எதிரே அச்சிட்டிருக்கும் எண்ணில் சட்னியும் சாம்பாரும் பொடி எண்ணெயும் அடங்குமா என்பதைப் பெரும்பாலான அட்டைகள் சொல்வதில்லை. மெனுவில் பட்டியலிடப்படாத, நாமே எடுத்துப் போட்டுக்கொள்ளும் இலவசத் தொடுபொருள்களுக்கு விலக்கு இருக்கிறது. ஆனால் நம் ஊரில் சாம்பார், பரிமாறுபவர் வாளியோடு வந்து ஊற்றும் பொருள். இட்லியில் பாதி அதுதான். "சாம்பார், சட்னி உட்பட" என்றோ "நீங்கலாக" என்றோ ஒரு வரி சேர்ப்பது எந்த உணவகத்துக்கும் பெரிய சுமை ஆகாது. அளவில்லாச் சாப்பாட்டிலோ இந்தச் சிக்கல் இன்னும் கூடுகிறது. மறுசோறு எத்தனை முறை வாங்குவோம் என்பது இலையின் முன் உட்காருபவரைப் பொறுத்தது. அங்கே கூட்டு இத்தனை கிராம், பொரியல் இத்தனை கிராம், ஒரு முறை வைக்கும் சோறு இத்தனை கிராம் என்று பிரித்துப் போட்டால் மட்டுமே சாப்பிடுபவருக்குப் பயன்படும்.

கேள்வி: என் தாயாருக்கு 68 வயது, எடை 50 கிலோ. வீட்டை விட்டு அதிகம் வெளியே போவதில்லை. அவரும் 2,000 கிலோகலோரியைக் கணக்காக வைத்துக்கொள்ளலாமா? (குரோம்பேட்டை வாசகர்)

பதில்: வேண்டாம். அந்த 2,000, எல்லோருக்கும் பொதுவாக வைத்த ஓர் ஒப்பீட்டு அளவு. யாருக்கும் எழுதிக் கொடுத்த உணவுத் திட்டம் அல்ல. ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020இல் வெளியிட்ட பரிந்துரையின்படி, 55 கிலோ எடையுள்ள, உடலுழைப்பு குறைந்த பெண்ணுக்கு நாளொன்றுக்கு 1,660 கிலோகலோரியும், 65 கிலோ எடையுள்ள அதே வகை ஆணுக்கு 2,110 கிலோகலோரியும் போதும். கடும் உழைப்பில் இருக்கும் ஆணுக்கோ 3,470 தேவைப்படுகிறது. வயது ஏற ஏறத் தேவை குறையும் என்பதால் உங்கள் தாயாருக்கு 1,660ஐ விடவும் குறைவாகவே இருக்கும். அதே நேரம், முதியவர்களுக்குப் புரதம் குறைந்துவிடாமல் பார்ப்பதும் அவ்வளவு முக்கியம். ஆகவே, கலோரியைக் குறைக்கிறேன் என்று அவருடைய தட்டிலிருந்து பருப்பையும் தயிரையும் எடுத்துவிடாதீர்கள்.

கேள்வி: இப்படி எழுதிவைப்பதால் மக்கள் உண்மையிலேயே குறைவாகச் சாப்பிடுகிறார்களா? (அண்ணா நகர் வாசகர்)

பதில்: கொஞ்சம் குறைவாக வாங்குகிறார்கள். நியூயார்க் நகரம் 2008இலேயே இந்த விதியைக் கொண்டுவந்தது. அமெரிக்கா முழுவதும் 2018 மே 7 முதல் நடைமுறைக்கு வந்தது. அந்நாட்டின் தென் மாநிலங்களில் 104 துரித உணவகங்களின் விற்பனையை ஆராய்ந்து 2019இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளிவந்த கட்டுரை, கலோரி எழுதிய பிறகு ஒவ்வொரு பில்லிலும் சராசரியாக 60 கிலோகலோரி, அதாவது சுமார் 4 விழுக்காடு குறைந்தது என்றும், அடுத்து வந்த மாதங்களில் அந்தக் குறைவு மெல்ல மெல்லக் கரைந்தது என்றும் கண்டது. 2025 ஜனவரியில் காக்ரேன் அமைப்பு 25 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது கிடைத்த விடை இன்னும் சிறியது: 600 கிலோகலோரி உணவில் ஏறத்தாழ 11 கிலோகலோரி மட்டுமே குறைகிறது.

இதைப் பார்த்து விதியே வீண் என்று சிலர் முடிவு கட்டுகிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. எண் வெளியே தெரியப்போகிறது என்றதும் சமையலறையிலும் சில மாற்றங்கள் நடக்கின்றன. அமெரிக்க உணவகங்கள் விதிக்குப் பிறகு புதிதாக அறிமுகம் செய்த பண்டங்களில், முன்பு அறிமுகம் செய்தவற்றைவிடக் கலோரி குறைந்திருந்தது என்றும் ஆய்வு சொல்கிறது. பழைய பண்டங்கள் மாறவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அதோடு, விலையைப் போல, எடையைப் போல, உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்வது காசு கொடுத்து வாங்குபவரின் உரிமை. அவர் குறைவாகச் சாப்பிட்டால்தான் அந்த உரிமை செல்லும் என்று நிபந்தனை போட முடியாது.

கேள்வி: அப்பாவுக்குச் சர்க்கரை நோய். கலோரி குறைவான பண்டத்தைத் தேர்ந்தெடுத்தால் போதுமா? (பெரம்பூர் வாசகி)

பதில்: போதாது. சென்னையில் இயங்கும் மெட்ராஸ் டயாபடீஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷன், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுவோடு சேர்ந்து நடத்தி 2023இல் வெளியிட்ட ஆய்வின்படி, நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. ஆகையால் இந்தக் கேள்வி உங்கள் வீட்டுக்கு மட்டும் உரியதல்ல. மூன்று இட்லியும், ஒரு தேக்கரண்டி எண்ணெயில் போட்ட இரண்டு முட்டை ஆம்லெட்டும் தனித்தனியே ஏறத்தாழ 190 கிலோகலோரிதான். ஆனால் மூன்று இட்லியில் மாவுச்சத்து சுமார் 40 கிராம். ஆம்லெட்டில் ஒரு கிராம் இருந்தாலே அதிகம். இரத்தச் சர்க்கரையில் இவை இரண்டும் காட்டும் வேறுபாட்டைக் கலோரி எண் உங்களுக்குச் சொல்லாது. மாவுச்சத்து, கொழுப்பு, புரதம், உப்பு போன்ற விவரங்களைக் கையேட்டிலோ இணையதளத்திலோ வைத்திருந்து, வாடிக்கையாளர் கேட்டால் தர வேண்டும் என்பதும் அதே விதியில் இருக்கிறது. அதைக் கேட்டு வாங்குங்கள். அப்பாவின் மருத்துவரிடமோ உணவியல் நிபுணரிடமோ காட்டுங்கள்.

கேள்வி: செயலி வழியாக ஆர்டர் செய்தால்? (சோழிங்கநல்லூர் வாசகர்)

பதில்: அங்கேயும் பொருந்தும். உணவகத்திடமிருந்து விவரத்தைப் பெற்று, பொருந்தும் இடங்களில் காட்ட வேண்டிய பொறுப்பு செயலி நடத்துபவருக்கும் உண்டு.

கேள்வி: கல்லூரியில் படிக்கும் என் மகள் ஓட்டலுக்குப் போனால் கலோரியைக் கூட்டிக் கூட்டிப் பார்த்துவிட்டுக் கடைசியில் எதையுமே சாப்பிடாமல் எழுந்துவிடுகிறாள். உடம்பும் இளைத்துக்கொண்டே போகிறது. (மேற்கு மாம்பலம் வாசகி)

பதில்: இதை உணவுக் கட்டுப்பாடு என்று எண்ணிப் பாராட்டிவிடாதீர்கள், அதற்காகத் திட்டவும் வேண்டாம். சாப்பிடுவதற்கே அஞ்சும் நிலை, சிகிச்சை தேவைப்படும் ஒரு மனநலச் சிக்கலின் அறிகுறியாக இருக்கலாம். மாதவிடாய் தவறுவது, மயக்கம், முடி கொட்டுவது போன்றவை இருந்தால் தாமதிக்கவே கூடாது. மனநல மருத்துவர் ஒருவரிடம் விரைவில் அழைத்துச் செல்லுங்கள். இங்கிலாந்தில் இந்த விதி வந்தபோது, உண்ணுதல் சார்ந்த மனநலச் சிக்கலில் இருப்பவர்களுக்காகக் குரல் கொடுக்கும் அமைப்புகள் எதிர்ப்புத் தெரிவித்தன. வாடிக்கையாளர் கேட்டால் கலோரி இல்லாத மெனுவைத் தரலாம் என்று அங்கே இடம் வைத்திருக்கிறார்கள். நம் உணவகங்களும் அப்படி ஓர் அட்டையைக் கையில் வைத்திருக்க அனுமதி வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அதுவரை, வெளியே சாப்பிடும்போது மெனுவை அவள் கையில் கொடுக்காமல், அவளுக்குப் பிடித்ததை நீங்களே சொல்லி வரவழையுங்கள்.

கேள்வி: எங்களுக்கு ஒன்பது கிளைகள். பத்தாவது கிளை அம்பத்தூரில் திறக்க இருக்கிறோம். கலோரியை எப்படிக் கணக்கிடுவது? ஒவ்வொரு பண்டத்தையும் ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டுமா? (உணவக உரிமையாளர்)

பதில்: திறப்பதற்கு முன்பே கேட்டதற்கு நன்றி. ஆய்வகத்துக்கு அனுப்புவதற்கு முன் செய்துமுடிக்க வேண்டிய வேலை உங்கள் சமையலறையிலேயே இருக்கிறது. ஒவ்வொரு பண்டத்துக்கும் பொருள்களின் எடையைக் கிராமில் எழுதி, எல்லாக் கிளைகளிலும் அதையே பின்பற்றச் சொல்லுங்கள். தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017இல் வெளியிட்ட இந்திய உணவுச் சத்து அட்டவணையில் அரிசி, பருப்பு, காய், எண்ணெய் எல்லாவற்றுக்கும் மதிப்பு இருக்கிறது. அவற்றைக் கூட்டி, வெந்து இறங்கிய மொத்த எடையால் வகுத்து, ஒரு பரிமாறலின் எடையால் பெருக்கினால் கணக்கு முடிந்தது.

பொரித்த பண்டங்களில்தான் கணக்கு தவறும். வடையோ பூரியோ எவ்வளவு எண்ணெய் குடித்தது என்பதை எந்த அட்டவணையும் உங்களுக்குச் சொல்லாது. மாவின் பதமும் எண்ணெயின் சூடும் மாறினால் அதுவும் மாறும். பொரிப்பதற்கு முன் எண்ணெயோடு வாணலியை நிறுத்துக்கொள்ளுங்கள். ஓர் ஈடு வடை எடுத்து, அரிகரண்டியில் வடிந்த எண்ணெயையும் வாணலியிலேயே சேர்த்து, ஆறிய பிறகு மறுபடி நிறுங்கள். குறைந்த எடையை வடைகளின் எண்ணிக்கையால் வகுத்தால் ஒரு வடை குடித்த எண்ணெய் ஏறக்குறையத் தெரிந்துவிடும். வெவ்வேறு ஆட்கள், வெவ்வேறு நேரங்களில் போட்ட பல ஈடுகளின் சராசரியை எடுங்கள். அதற்குப் பிறகு, அதிகம் விற்கும் பொரித்த பண்டங்களையும் இனிப்புகளையும் மட்டும் அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் சோதித்து, உங்கள் கணக்கோடு ஒப்பிட்டுத் திருத்திக்கொள்ளுங்கள்.

கரண்டியை மறந்துவிடாதீர்கள். பத்துக் கிளைகளுக்கும் பொங்கலுக்கு ஒரே அளவுக் கரண்டி, சாம்பாருக்கு ஒரே அளவுக் கரண்டி வாங்கிக் கொடுத்துவிட்டு, அதன் பிறகு மெனு அட்டையை அச்சுக்கு அனுப்புங்கள்.