ஒரே ராத்திரியில் இரண்டடுக்கு கேக் முடியுமா?

அடுத்த சனிக்கிழமை நிச்சயதார்த்தத்துக்கு இரண்டடுக்கு ஃபாண்டன்ட் (கேக்கின் மேல் போர்த்தும் சர்க்கரை மாவு) கேக், மேலே 12 சர்க்கரை ரோஜா என்று உங்களுக்கு ஆர்டர் வந்திருக்கிறது. எல்லாவற்றையும் வெள்ளி இரவே முடித்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். முடியாதுங்க. கேக் சுடுவதில் இல்லை, பூவில்தான் நேரமெல்லாம் போகும். கம் பேஸ்ட்டை (காய்ந்தால் இறுகும் சர்க்கரை மாவு) மொட்டு மாதிரி உருட்டி, கம்பியில் குத்தி, ஒரு ராத்திரியாவது காயவிட வேண்டும். ஈரமாக இருக்கும்போதே இதழ் ஒட்டினால் எடை தாங்காமல் கம்பியோடு கீழே வழுக்கிவிடும். பிறகு ஒவ்வொரு இதழின் ஓரத்தையும் தேய்த்து மெலிதாக்கி, அடுக்கடுக்காக ஒட்ட வேண்டும். ஒரு பூவுக்கே அரை மணி நேரம் பிடிக்கும். சென்னைப் புழுக்கத்தில் காய்வதும் மெதுவாகத்தான். பூக்களை இன்றே தொடங்குங்கள். ஃப்ரிட்ஜில் மட்டும் வைக்காதீர்கள், வெளியே எடுத்ததும் வியர்த்துத் துவண்டுவிடும். வியாழன் கேக், வெள்ளி ஃபாண்டன்ட் போர்த்தல். விலை சொல்லும்போது பூ வேலைக்கான கூலியையும் சேர்த்தே சொல்லுங்கள், தயவுசெய்து விட்டுக்கொடுக்காதீர்கள்.