64ஆம் பக்கத்துப் பென்சில்

அன்புள்ள சார்,

கோத்தகிரிப் பக்கம் ஒரு டீ ஃபேக்டரியில் நைட் ஷிஃப்ட் பார்க்கிறேன். கொழுந்து வாடுகிற நேரத்தில் படிக்கலாமென்று வாடகை நூலகத்திலிருந்து பழைய துப்பறியும் நாவல் ஒன்று எடுத்து வந்தேன். 64ஆம் பக்க ஓரத்தில் யாரோ பென்சிலால் ‘டாக்டர்தான் கொலைகாரன்’ என்று எழுதி வைத்திருந்தார்கள். வயிறு எரிந்தது. ஆனாலும் கடைசிவரை படித்தேன், கொலை செய்தது டாக்டரே இல்லை! கோபம் வரவேண்டியது, வரவில்லை. மறுபடி முதல் பக்கத்திலிருந்து புரட்ட ஆரம்பித்துவிட்டேன். ஆள் யாரென்று தெரிந்த பிறகும் எதற்காக சார் படிக்கிறோம்?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள நண்பருக்கு,

அந்தப் பென்சில்காரரைத் திட்டாதீர்கள். முடிவைப் படித்துவிட்டு வந்து எழுதியிருந்தால் சரியான பெயரை எழுதியிருப்பாரே. மனிதர் 64ஆம் பக்கத்திலேயே பந்தயம் கட்டியிருக்கிறார். அந்த இடத்தில் யாரைச் சந்தேகப்பட வேண்டுமென்று எழுத்தாளர் ஏற்பாடு செய்திருந்தாரோ அவரையே சந்தேகப்பட்டிருக்கிறார், பாவம். வேறு எந்த வகைக் கதையிலாவது ஓரத்தில் இப்படி எழுதத் தோன்றுமா? எல்லரி குவீன் என்ற அமெரிக்கத் துப்பறியும் எழுத்தாளர் 1929இல் முதல் நாவலிலேயே கதையை நிறுத்தி, தடயமெல்லாம் இப்போது உங்களிடமும் இருக்கிறது, கண்டுபிடியுங்கள் என்று வாசகரிடம் சவால் விட்டார்கள். (‘ர்கள்’ மரியாதைக்காக இல்லை, அந்தப் பெயரில் எழுதியது இரண்டு பேர்.) அதே வருஷம் ரொனால்ட் நாக்ஸ் என்ற பாதிரியார் துப்பறியும் கதைக்குப் பத்து கட்டளைகள் போட்டார். துப்பறிவாளர் காண்கிற தடயத்தை வாசகருக்கும் உடனே காட்டிவிட வேண்டும் என்பது அதில் ஒன்று. எனக்குப் பிடித்தது இன்னொன்று: கூட வருகிற நண்பனுக்கு சாதாரண வாசகரைவிட ஒரே ஒரு துளி அறிவு குறைவாக இருக்க வேண்டும். ஒரு துளிதான், அதற்கு மேல் குறைந்தால் நமக்கு அவன்மேல் எரிச்சல் வந்துவிடும்.

ஆக எல்லாவற்றையும் காட்டியாக வேண்டும், ஆனால் நாம் பார்க்கவும் கூடாது. வித்தை அங்கேதான். மேஜைமேல் கண்ணாடி, பின்னல் ஊசி, பாதி காலியான மருந்து பாட்டில், நேற்றைய பேப்பர் என்று ஒரு வரி வரும், அடுத்த வரியில் மாடியில் யாராவது அலறுவார்கள். நாமும் மாடிக்கு ஓடிவிடுவோம், பாட்டில் அங்கேயே இருக்கும். கானன் டாயில் 1892இல் எழுதிய, குதிரை காணாமல் போகும் ஷெர்லாக் ஹோம்ஸ் கதையில் ராத்திரி நாய் குரைக்கவில்லை என்பதே தடயம், ஏனென்றால் வந்தவன் அதற்குத் தெரிந்தவன். (நம்ம ஊரில் நாய் குரைக்கவில்லை என்றால் சிறுத்தை தூக்கிக்கொண்டு போய்விட்டது என்று அர்த்தம், துப்பறிய ஒன்றுமில்லை.)

ஆட்களையும் எண்ணுகிற அளவில் வைத்துக்கொள்வார்கள். பனியில் சிக்கிய ரயில், தனித் தீவு, இப்படி. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறுகிற மலைப்பாதையில் பர்லியார் பக்கம் மண் சரிந்து ரோடு அடைபட்டபோது நானும் குன்னூரை வைத்து அப்படி ஒன்று எழுதப் பார்த்தேன். கொலைகாரன் கோத்தகிரி வழியாக இறங்கிப் போய்விடுவானே என்று வீட்டில் கேட்டார்கள், அத்தோடு விட்டேன்.

அப்புறம் உங்கள் கேள்வி. தோற்றதில் கோபம் வராததற்குக் காரணம், உங்களை யாரும் ஏமாற்றவில்லை, நீங்களாக ஏமாந்தீர்கள். அதைச் சரிபார்க்கத்தான் திரும்பப் புரட்டினீர்கள். அகதா கிறிஸ்டியின் ‘ரோஜர் அக்ராய்ட் கொலை’ நாவல் 1926இல் வந்தபோது இது மோசடி என்று சிலர் கத்தினார்கள், ஆனால் திரும்பிப் போய்ப் படித்தால் ஒவ்வொரு வரியும் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறது, நாம்தான் வேறு மாதிரி படித்திருக்கிறோம். முடிவைச் சொல்ல மாட்டேன், அப்புறம் நானும் பென்சில்காரன் ஆகிவிடுவேன். என்னைக் கேட்டால் இந்த இரண்டாம் வாசிப்புதான் கதையின் நல்ல பாதி. முதல் தடவை கொலைகாரனைத் தேடுகிறோம், இரண்டாம் தடவை எழுத்தாளரைக் கையும் களவுமாகப் பிடிக்கப் பார்க்கிறோம்.

ஒரு சந்தேகம் மட்டும். அந்த 64ஆம் பக்கத்தில் டாக்டர் என்ன செய்துகொண்டிருக்கிறார், அறையில் வேறு யார் இருக்கிறார்கள்? நேரம் கிடைத்தால் பார்த்து எழுதுங்கள். புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது அந்தப் பென்சில் வரியை அழித்துவிடாதீர்கள்.