நமக்குப் பின் நாய்க்கு யார்?

கேள்வி: எனக்கு வாரிசு இல்லை. வீட்டை என் நாயின் பெயருக்கே எழுதிவைக்கலாமா?

பதில்: முடியாது. சட்டத்தின் கண்ணில் நாயே ஒரு சொத்து. 'விலங்குகள் பொருள்கள் அல்ல' என்று 1990இல் சட்டத்தில் எழுதிக்கொண்ட ஜெர்மனியில்கூட நாய் வாரிசாக முடியாது. நாயை ஒரு மனிதரிடம் ஒப்படையுங்கள். அதன் செலவுக்குப் பணத்தைத் தனியே ஒதுக்குங்கள்.

கேள்வி: பூனையைத் தங்கை பார்த்துக்கொள்வாள். உயிலில் அவளுக்குப் பணமும் எழுதிவிட்டேன். போதாதா?

பதில்: தங்கைமேல் எனக்குச் சந்தேகமில்லை, உயில்மேல்தான். அது நடைமுறைக்கு வர மாதக்கணக்கில் ஆகலாம். பூனைக்கு இன்றிரவே பசிக்கும். பணத்தை வாங்கிக்கொண்டு பூனையைக் காப்பகத்தில் விட்டுவிட்டால் தட்டிக்கேட்கவும் ஆளிருக்காது. அதனால்தான் அறக்கட்டளை (டிரஸ்ட்) அமைக்கச் சொல்கிறேன். பணம் ஒருவரிடம், பூனை இன்னொருவரிடம். முன்னவர் பூனையை நேரில் பார்த்துவிட்டு மாதாமாதம் பணம் கொடுப்பார். அமெரிக்காவில் எல்லா மாநிலங்களிலும் இதற்குச் சட்டம் இருக்கிறது. கடைசியாக வந்து சேர்ந்தது மின்னசோட்டா, 2016இல். உங்கள் ஊர்ச் சட்டம் இதை ஏற்குமா என்று வழக்கறிஞரிடம் கேளுங்கள்.

பத்திரத்தில் பூனையின் பெயரை மட்டும் எழுதாதீர்கள். நாளை வேறு பூனை வந்திருக்கும். 'என் இறப்பின்போது என்னிடமுள்ள பிராணிகள்' என்று எழுதுங்கள். மிச்சப் பணம் வளர்ப்பவருக்கே என்றும் எழுத வேண்டாம். பூனை சீக்கிரம் செத்தால் அவருக்கு லாபம் என்றாகிவிடும்.

கேள்வி: எவ்வளவு ஒதுக்குவது?

பதில்: ஓராண்டுச் செலவை மீதமுள்ள ஆயுளால் பெருக்குங்கள், வைத்தியத்துக்குக் கொஞ்சம் சேருங்கள். ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி 40 ஆண்டுக்கு மேலும் வாழும், அதற்குப் பாதுகாவலர் ஒருவர் போதாது. அள்ளிக் கொடுத்தாலும் வம்புதான். 2007இல் இறந்த அமெரிக்கக் கோடீஸ்வரி லியோனா ஹெல்ம்ஸ்லி தன் நாய் டிரபிளுக்கு 1.2 கோடி டாலர் விட்டுச்சென்றார். நீதிபதி அதை 20 லட்சமாகக் குறைத்துவிட்டார். (டிரபிள் என்றால் வம்பு. பெயர்ப் பொருத்தம்!)

கேள்வி: என்னோடு நாயையும் கருணைக்கொலை செய்துவிடும்படி எழுதலாமா? வேறு யாரிடமும் அது ஒட்டாது.

பதில்: வேண்டாம். சான் பிரான்சிஸ்கோவில் ஒருவர் அப்படித்தான் எழுதிவைத்தார். 1980இல் வழக்கு நடந்து, சைடோ என்ற அந்த நாய் தப்பியது. நாய்கள் ஒட்டிக்கொள்ளும்.

கேள்வி: இறக்காமல், நினைவின்றி மருத்துவமனையில் கிடந்தால்?

பதில்: அப்போது உயில் உதவாது. பிராணிக்காகச் செலவிடும் உரிமையை அதிகாரப் பத்திரத்தில் (பவர் ஆஃப் அட்டர்னி) ஒருவருக்குக் கொடுங்கள். நீங்கள் நினைவிழந்த பின்னும் அது செல்லுமா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். பணப்பையில் ஒரு சீட்டும் இருக்கட்டும்: 'வீட்டில் நாய் தனியாக இருக்கிறது', கீழே சாவி வைத்திருப்பவரின் தொலைபேசி எண்.